ஊருக்குப் போயிருக்கான்: ஆராய்ச்சிக்குக் கிளம்பிய மகனுக்கு

ஜோயல்,

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு பத்து. வீட்டு லேப்டாப்பில் உன் கோப்பைத் திறந்தேன். 3,412 வரிகள் இருக்கின்றன. பார்த்தேன், மூடிவிட்டேன். ஒரு கட்டத்தைக்கூடத் தொடவில்லை.

உன் ரயில் இந்நேரம் ஆந்திராவின் வடகோடியில் எங்காவது சிக்னலுக்குக் காத்து நிற்கும். உன் அம்மா முதல் ஆராதனைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். நானும் வருவதாகச் சொல்லி, சட்டை மாற்றிய பிறகு, இங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆபீசில் நான் எழுதுகிற மிக நீளமான வாசகம், "இன்று மாலை ஆறு முதல் எட்டு வரை சர்வர் இயங்காது" என்பதுதான். அதனால் இதுவும் நேராகத்தான் இருக்கும். இதை உனக்கு மட்டும் அனுப்பப்போவதும் இல்லை. உன் சீனியர் மலர்விழி, நீ மலர் அக்கா என்று கூப்பிடுகிற ஆராய்ச்சி மாணவி, இரண்டு மாதமாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "அங்கிள், கல்வியில ஆராய்ச்சி பண்றவங்க நாங்க எழுதிக்கிட்டேதான் இருக்கோம். வீட்ல இருக்கிறவங்க யாரும் எழுதினதே இல்ல. நீங்க எழுதுங்க, எங்க குரூப்ல போடுறோம்." ஆக, மற்ற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் படிப்பார்கள். உனக்குத் தெரிந்ததையும் அவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள். பொறுமை உனக்கு உன் அம்மா வழியில் வந்தது. என்னிடம் அது எப்போதுமே ஸ்டாக் இல்லை.

நீ பிறந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக் முடித்த கையோடு வேலை, வேலை கிடைத்த கையோடு கல்யாணம், அப்புறம் நீ. சேலையூரில் நம் சபைக்குப் புதிதாக வருகிறவர்கள் இன்றைக்கும் நம் இருவரையும் பார்த்து "அண்ணன் தம்பியா?" என்று கேட்கிறார்கள். நீயும் முகம் மாறாமல் "ஆமா, இவர்தான் தம்பி" என்பாய். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரவுத்தளம் பார்த்துக்கொள்வது என் வேலை. எது வந்தது, எது போனது, எது பழுது. இருக்கிறது என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்ஜியம். இருபது வருடமாகக் காலை ரயிலேறிப் போய் நான் பார்த்துவந்த உலகம் இவ்வளவுதான். நீ பட்டப்படிப்பை முடித்ததும் ஓ.எம்.ஆரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் உனக்கு வேலை வாங்க ஆள் பிடித்து வைத்திருந்தேன். நீ கல்வியியலில் எம்.ஏ. சேர்ந்துவிட்டு வந்து சொன்னாய். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நடந்தது உனக்கும் நினைவிருக்கும்.

"அதைப் படிச்சு என்னடா பண்ணப்போற?"

"ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னு பாக்கப்போறேன்ப்பா."

"அதான் பன்னெண்டாவது வரைக்கும் உள்ளயே உக்காந்து பாத்தியே."

"நான் எங்க பாத்தேன்? அவங்கதான் என்னைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

உன் அம்மா, தானும் ஒரு டீச்சர் என்பதை மறந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரயிலில் தினமும் காட்டாங்குளத்தூரில் கூட்டம் கூட்டமாக இறங்குகிற மாணவர்களைப் பார்க்கிறவன் நான். எல்லாரும் எங்கோ வேகமாகப் போகிறார்கள். என் பையன் மட்டும் மூன்றாம் வகுப்புக்குத் திரும்பிப் போகிறான் என்று தோன்றியது. உண்மையிலேயே நீ மூன்றாம் வகுப்புக்குத்தான் போனாய். மேடவாக்கத்தைத் தாண்டி, அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு அரசுத் தொடக்கப்பள்ளி. கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே எப்படி வருகிறார்கள், எப்போது நிற்கிறார்கள் என்பது உன் ஆராய்ச்சி. தினமும் தண்ணி லாரிகளுக்கு நடுவில் ஷேர் ஆட்டோவில் போய் இறங்குவாய். ஒருநாள் அந்த டிரைவர் கேட்டதை வீட்டில் நடித்துக் காட்டினாய். "இன்னா தம்பி, டெய்லி சின்னப் பசங்க ஸ்கூலுக்கே போய்கினு கீற, எத்தினி வருசமா பெயிலு?" அன்றைக்குத்தான் நான் முதலில் சிரித்தேன். உன் படிப்பைப் பற்றி இந்த வீட்டில் எனக்குப் புரிந்த முதல் கேள்வி அது.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். கல்வி அலுவலகத்தின் அனுமதிக் கடிதத்தையும் உன் கால அட்டவணையையும் கொண்டுபோய் நீட்டினாய். அட்டவணை நான் போட்டுக் கொடுத்தது. வண்ணக் கட்டங்கள், வாரத்துக்கு ஒரு இலக்கு, எல்லாம் கச்சிதம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாராம். "நவம்பர்ல வந்து ஆரம்பிக்கிறேன்னு போட்டிருக்கீங்களே தம்பி. மழை பெஞ்சா நவம்பர்ல நானே வர முடியாது. நீங்க எந்த ஊரு?" தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவன், ஒவ்வொரு மழைக்கும் முடிச்சூர் பக்கத்துச் சொந்தக்காரர்களை வீட்டில் தங்க வைக்கிற குடும்பத்துப் பிள்ளை, மழையில்லாத அட்டவணையோடு போய் நின்றாய். அது என் அட்டவணை. டிசம்பருக்குத் தள்ளினாய். கல்வி ஆராய்ச்சிக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பள்ளியின் நாட்காட்டியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரையாண்டுத் தேர்வு, பொங்கல், மழை விடுமுறை, ஆசிரியர்களைத் தேர்தல் வேலைக்கு அழைக்கும் நாட்கள். மீதி இருப்பதுதான் உங்கள் நாட்கள்.

இனி உன் கோப்பில் இருக்கிற ‘ஊ’ என்ற குறிக்கு வருகிறேன். ஆசிரியை பெயர் கூப்பிடுவார். பிள்ளைகள் "உள்ளேன் மிஸ்" என்பார்கள். ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் வகுப்பே சேர்ந்து பதில் சொல்லும். சில பெயர்களுக்கு, "வரல மிஸ்." சிலவற்றுக்கு, "ஊருக்குப் போயிருக்கான் மிஸ்." வருகைப் பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே குறிதான். நீ பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். ‘வரல’ என்றால் பிள்ளை இங்கேதான் தகரக் கொட்டகையில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ‘ஊருக்கு’ என்றால் குடும்பமே கிளம்பிவிட்டது. அது திருவண்ணாமலைப் பக்கமாகவும் இருக்கலாம், வேங்கைவாசலில் அடுத்த கட்டடமாகவும் இருக்கலாம். பிள்ளைகள் இதில் தப்பே செய்வதில்லை என்று கண்டுபிடித்தாய். அதனால் உன் கோப்பில் வந்த நாளுக்கு ஒன்று, வராத நாளுக்குப் பூஜ்ஜியம், மூன்றாவதாக ‘ஊ’. பொங்கலுக்குப் பின் ஒரு பெண் திரும்பி வந்தாள். இந்த வகுப்பு இன்னும் தொடாத ஏழாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்தாள். போன ஊரில் ஒரு பள்ளியில் உட்கார்ந்திருக்கிறாள். இங்கே ஆப்சென்ட், அங்கே படித்திருக்கிறாள். அவள் பெயரை நீ இன்றுவரை எங்களிடம் சொல்லவில்லை. கொத்தனாரான அவளுடைய அப்பாவுக்கு ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டியபோது, பெயர் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறாய். உன் கோப்பில் அவளுக்குக் கொடுத்த எண்தான் இந்த வீட்டில் அவள் பெயர், ‘பதினேழு’. உன் அம்மா ஜெபத்தில்கூட "பதினேழாம் நம்பர் பிள்ளைக்காகவும்" என்றுதான் சொல்கிறாள்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை நீ வாலிபர் கூட்டத்துக்குப் போயிருந்தாய். முதுநிலை மாணவர்களின் களப்பணிக்கு உதவித்தொகை தரும் ஒரு அறக்கட்டளைக்கு விண்ணப்பித்திருந்தாய். அடுத்த வாரம் நேர்காணல். அந்தத் தொகை கிடைத்தால் ஊருக்குப் போன பிள்ளைகளைத் தேடி அந்தந்த ஊருக்கே போய்ப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் ஆராய்ச்சி மேடவாக்கத்தோடு முடிந்துவிடும். லேப்டாப் திறந்திருந்தது. நான் பார்த்தேன். எண்கள் இருக்க வேண்டிய பத்தியில் தமிழ் எழுத்து. சில இடத்தில் ‘ஊ’, சில இடத்தில் ‘ஊரு’, சில இடத்தில் கேள்விக்குறி. இருபது வருடப் பழக்கம், கை நிற்கவில்லை. பத்து வரியில் ஒரு நிரல் எழுதினேன். ஒன்று என்றால் ஒன்று, வேறு எதுவானாலும் பூஜ்ஜியம். அதை வைத்துப் போட்ட வரைபடமும் அழகாக வந்தது. அதே கோப்பின்மேல் சேமித்தேன். நீ வந்ததும் பெருமையாகச் சொன்னேன். "உன் டேட்டாவைச் சுத்தம் பண்ணிட்டேன்டா. இப்பப் பக்கா." நீ செருப்பைக் கழற்றிக்கொண்டே "தேங்க்ஸ்ப்பா" என்றாய். கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் அந்தப் படத்தைக் குழுவுக்கு அனுப்பிவிட்டாய். நான்தானே செய்தது என்ற நம்பிக்கை.

எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்கிற பயிற்சி ஊழியர்களுக்கு முதல் பாடம் எடுப்பது நான். வெற்றிடமும் பூஜ்ஜியமும் ஒன்றல்ல என்பதுதான் அந்தப் பாடம். எடை பூஜ்ஜியம் என்றால் நிறுத்துப் பார்த்து பூஜ்ஜியம். வெற்றிடம் என்றால் இன்னும் நிறுக்கவில்லை. மூலக் கோப்பில் கை வைக்கக்கூடாது என்பது இரண்டாவது பாடம். அங்கே ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே மேலாளரிடம் அழைத்துப் போயிருப்பேன். வீட்டில் எனக்கு எந்த விதியும் கிடையாது என்று எப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். நீ ஏழாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்குத் தண்ணித் தொட்டி நிரம்பினால் மணியடிக்கும் ஒரு கருவி செய்துகொண்டிருந்தாய். மூன்று நாளாக ஒயரைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. வாங்கி, சால்டர் வைத்து, ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன். முதல் பரிசு. பெயர் கூப்பிட்டபோது நீ மேடைக்குப் போகவே இல்லை. உன் அம்மாதான் போய், பரிசாகக் கொடுத்த ஹாட் பேக் டப்பாவை வாங்கி வந்தாள். இன்றைக்கும் சப்பாத்தி அதில்தான் வருகிறது. பையனுக்கு மேடைக் கூச்சம் என்று அன்றைக்கு நினைத்தேன். பதினொரு வருடம் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது.

நேர்காணல் புதன்கிழமை சாயங்காலம், ஹாலில், வீடியோ அழைப்பில். நானும் உன் அம்மாவும் குக்கரைக்கூட வைக்காமல் சமையலறையில் மூச்சுக் காட்டாமல் நின்றிருந்தோம். குழுவில் ஒரு அம்மா கேட்டார். "உங்க எழுத்துல வருகைக்கு மூணு நிலைன்னு சொல்லியிருக்கீங்க. படத்துல ரெண்டுதானே இருக்கு? இந்தப் பிள்ளைங்க பாதி நாள் சும்மா வர்றதில்லைன்னு சொல்ல வர்றீங்களா?" கோப்பைத் திறக்க நீ மௌஸைச் சொடுக்குகிற சத்தம் கேட்டது. "எங்கிட்ட ஒரு தப்பு நடந்திருக்கு, மேடம். என்னன்னு பாத்துட்டு எழுதுறேன்" என்றாய். பத்து நாள் அவகாசம் கொடுத்தார்கள். அழைப்பை முடித்துவிட்டு நீ சமையலறை வாசலில் வந்து நின்றாய். கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். "பழைய ஃபைலை எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாய்.

‘வெச்சிருக்கீங்க.’ பேச ஆரம்பித்த நாளிலிருந்து நீ என்னை ‘நீ’ என்றுதான் சொல்வாய். அப்பாவை ‘நீங்க’ என்று சொல்லு என்று உன் அம்மா எவ்வளவோ முயன்றும் நடக்காதது, அந்த ஒரு நிமிடத்தில் நடந்துவிட்டது. பழைய கோப்பு இல்லை என்றேன். "சரி, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். வந்த கோபத்துக்கு நீ ஒரு தட்டை உடைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. உன் அம்மாவோ விஷயம் புரியாமல், "பாருங்க, ஆராய்ச்சின்னு போனதும் மரியாதை வந்திருக்கு" என்றாள்.

அந்த ஞாயிறு உன்னோடு நானும் வருகிறேன் என்று அடம்பிடித்து வந்தேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு படிப்பகத்தின் மாடி. ஞாயிறுதோறும் கல்வி ஆராய்ச்சி மாணவர்கள் பத்துப் பேர் கூடுகிறீர்கள் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்; உட்கார்ந்து டீ குடித்து ஊர்வம்பு பேசுவீர்கள் என்று நினைத்திருந்தேன். மலர்விழி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்கிள், மூலக் கோப்புல கை வைக்கக் கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல யாரும் சொல்ல மாட்டாங்களா?"

"நான்தான்மா அங்க அதைச் சொல்ற ஆளு."

மாடியே சிரித்தது. நீயும் சிரித்தாயா என்று பார்த்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாய்.

ஆனால் அந்த மாடியில் நான் பார்த்ததை எங்கள் தொழிற்சாலையில்கூடப் பார்த்ததில்லை. ஒரு பொதுச் சேமிப்பிடம் வைத்திருக்கிறீர்கள். அதில் நிதி கிடைத்த விண்ணப்பங்களைவிட நிராகரிக்கப்பட்டவை அதிகம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஏன் நிராகரித்தார்கள் என்று குழு எழுதிய குறிப்பும் கூடவே இருக்கிறது. "ஜெயிச்சதைப் படிச்சா பொறாமைதான் வரும் அங்கிள். தோத்ததைப் படிச்சாத்தான் ஏதாவது தெரியும்" என்றாள் மலர்விழி. இன்னொரு பையன், எந்த நிதி எதற்குத் தராது என்று மட்டும் தொகுத்து வைத்திருந்தான். பயணத்துக்குத் தருவார்கள், லேப்டாப்புக்குத் தர மாட்டார்கள். மொழிபெயர்ப்புக்குத் தருவார்கள், ஆனால் நீங்களே மொழிபெயர்த்தால் தர மாட்டார்கள். அறிவிப்பு வந்து, தேர்வாகி, முதல் தவணை கைக்கு வருவதற்குள் பல மாதம் ஓடிவிடும், அந்த இடைவெளிக்குத் திட்டம் வேண்டும் என்று சிவப்பில் எழுதியிருந்தான். அரசு வெளியிடும் பள்ளித் தகவல்களை எடுத்தால் எண்களுக்கு முன்னால் விளக்கக் குறிப்பைப் படி, ‘சேர்க்கை’ என்றால் எந்தத் தேதியில் எண்ணியது என்று பார், இல்லாவிட்டால் அந்த எண்ணைத் தொடாதே என்று ஒருத்தி சொன்னாள். அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் கேட்டது. யாரென்றே தெரியாத பிள்ளைகளுக்காக, தங்கள் தோல்வியை எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் உனக்கு முன்னால் வந்தவர்கள். பெற்றவர்களே, உங்கள் பிள்ளை இப்படி ஒரு மாடிக்குப் போகிறதா என்று மட்டும் கேளுங்கள். போகிறது என்றால் மற்றதற்குக் கவலைப்பட வேண்டாம்.

அங்கேதான் உயிரும் வந்தது. குறிகளைச் சரிபார்க்கச் சொல்லி ஜனவரி இறுதியில் உன் கோப்பை நீ மலர்விழிக்கு அனுப்பியிருந்தாய். அவள் அதைத் தனியாக வைத்திருந்தாள். எதைச் சேர்த்தாலும் மூன்று இடத்தில் வை, மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்பது அவள் கட்சி. ஆக, ஜனவரி வரை ‘ஊ’ திரும்பி வந்தது. பிப்ரவரியும் மார்ச்சும் போனது போனதுதான். பதிவேட்டில் அது கிடையாது. பிள்ளைகள் வாயால் சொன்னது, நீ காதால் கேட்டது. மறுபடி போய்க் கேட்டு நிரப்பிவிடலாமே என்று நான் சொன்னேன். "ஒண்ணரை மாசம் கழிச்சு, எந்த நாள் யார் என்ன சொன்னாங்கன்னு எப்படிப்பா கேக்குறது? கேட்டா ஏதோ ஒண்ணு சொல்லுவாங்க. அது தரவு இல்ல, மரியாதை" என்றாய். அந்த இரண்டு மாதத்தில் நான் போட்ட பூஜ்ஜியங்களை எல்லாம் எடுத்துவிட்டு, ‘தெ’ என்று போட்டாய். தெரியாது. ஒவ்வொரு ‘தெ’யும் நான் போட்ட கையெழுத்து மாதிரி இருந்தது.

திருத்திய திட்டத்தில் தரவு இழப்பு என்று ஒரு பத்தி எழுத வேண்டும். ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று போடு, உலகமே அப்படித்தான் போடும் என்றேன். நாம் இருவரும் அன்றைக்குப் போட்ட சண்டையில் கீழ்வீட்டுக்காரர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். "கோளாறு இல்லப்பா. மிஷின் சரியாத்தான் வேலை செஞ்சுது. நீங்க சொன்னதைத்தான் செஞ்சுது." கடைசியில் நீ எழுதியது, தமிழில் சொன்னால், ‘ஆய்வாளரின் வீட்டு உறுப்பினர் ஒருவர் நல்லெண்ணத்தோடு தலையிட்டதில் இவ்வளவு பதிவுகள் பிரித்தறிய முடியாமல் போயின; அவற்றை ஊகித்து நிரப்பவில்லை.’ நல்லெண்ணத்தோடு என்ற சொல்லைப் படித்துவிட்டு நான் மொட்டைமாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அந்தச் சொல் இல்லாமலும் வாக்கியம் சரியாகவே இருக்கும். ஆராய்ச்சிக்கு அது தேவையே இல்லை. எனக்காகப் போட்டாய்.

இரண்டாவது அழைப்பில் அதே அம்மா கேட்டார். "அந்த வீட்டு உறுப்பினர் இன்னும் தரவுக்குப் பக்கத்துலதான் இருக்காரா?"

"பாஸ்வேர்டை மாத்திட்டேன், மேடம்."

அவர்கள் சிரித்தது சமையலறை வரை கேட்டது. லேப்டாப் செலவை வெட்டிவிட்டு, பயணத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒப்புக்கொண்டு உதவித்தொகை கொடுத்தார்கள். இல்லாத ‘ஊ’வுக்கு நீ ‘தெ’ என்று போட்டதால்தான் கொடுத்தார்கள் என்று மலர்விழி சொல்கிறாள். எனக்கு அது தெரியாது. நீ சொல்லிக் கொடுத்தபடி, தெரியாததைத் தெரியாது என்றே விடுகிறேன்.

ஜூலையில் அந்தப் பயணம் போனாய். பதினேழு மறுபடி ஊருக்குப் போயிருந்தாள். திருவண்ணாமலையைத் தாண்டி ஒரு பள்ளி வாசலிலிருந்து நீ போன் செய்தாய். நான் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். பெருங்களத்தூர் தாண்டியதும் சத்தத்தில் பாதிதான் கேட்டது. "அப்பா, இங்க பேர் கூப்பிட்டாங்க. பதினேழு ‘உள்ளேன் டீச்சர்’னு சொல்றா. நான் கேட்டேன்." பக்கத்தில் நின்றவர் "என்ன சார், ரிசல்ட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் கோப்பில் அவள் பூஜ்ஜியம். இருபது கிலோமீட்டருக்கு மேல் தினமும் ரயிலில் போய், இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு, இங்கே இல்லாதது வேறெங்கோ இருக்கலாம் என்று காட்டிக்கொடுத்தாய். ஓ.எம்.ஆரில் உனக்கு ஆள் பிடித்து வைத்தவனுக்கு நீ செய்த பதில் மரியாதை அது. இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.

இப்போது வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முழு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்து, போய்விட்டாய். முதல் தவணை வரும்வரை வீட்டில் கேள். பட்டினி கிடப்பதை எந்த விண்ணப்பத்திலும் ஆய்வுமுறை என்று காட்ட முடியாது. உன் வழிகாட்டி சொல்வதை எல்லாம் உடனே ஒப்புக்கொள்ளாதே. மறுப்பதற்கு முன் ஒரு நாள் பொறு. உன் வேலையை உன்னைவிட வேகமாக யாராவது முடித்துத் தருகிறேன் என்றால், சந்தேகப்படு. அது யாராக இருந்தாலும். முக்கியமாக உன்மேல் பாசமாக இருக்கிறவர்கள்.

நேற்றுச் சாயங்காலம் பிளாட்பாரத்தில் நடந்ததை உன் அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. அவள் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாள். நீ பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாய். "ஒண்ணு எங்கிட்ட. ஒண்ணு மலர் அக்காகிட்ட. மூணாவது இது" என்றாய். என்னிடமா என்று கேட்டேன். "வேற யார்கிட்ட குடுக்கிறது? பேக்கப் எடுக்கிறதுதானே உன் வேலை." வண்டி நகர ஆரம்பித்தது. "நீ போப்பா, சீக்கிரம் கிளம்பு. அம்மாவைத் தேடு" என்று வாசலில் நின்று கத்தினாய்.

மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை ‘நீங்க’. நேற்று மறுபடி ‘நீ’. உன் அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும். எனக்கு இல்லை.

இனி நான் செய்யப்போவது:

1. பென் டிரைவிலிருந்து இன்று காலை லேப்டாப்பில் ஏற்றிய பிரதியை, படிக்க மட்டும் முடிகிற மாதிரி பூட்டி வைப்பேன். மாதத்தின் முதல் ஞாயிறு அது திறக்கிறதா என்று பார்த்து, வரிகளை எண்ணி, உனக்கு எண்ணை மட்டும் அனுப்புவேன்.

2. மலர்விழியின் சேமிப்பிடத்தில் உதவித்தொகை அறிவிப்புகள் தாறுமாறாகக் கிடக்கின்றன. மாதவாரியாக அடுக்கித் தருவேன். முதலில் அவளிடம் கேட்பேன். அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன்.

3. ஆபீசில் அடுத்த பயிற்சி வகுப்பில் வெற்றிடத்தையும் பூஜ்ஜியத்தையும் பற்றிய பாடத்துக்கு உதாரணம் மாற்றுவேன். உன் பெயர் வராது. என் பெயர் வரும்.

4. ஏழாம் வகுப்பு ஹாட் பேக்கை நாளையிலிருந்து என் மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துப்போவேன். அந்தப் பரிசு எனக்கு வந்ததுதான்.

5. சபையிலோ ரயிலிலோ மாடிப்படியிலோ, பையன் எங்கே என்று யார் கேட்டாலும் "ஊருக்குப் போயிருக்கான்" என்பேன். சொந்த ஊரே தாம்பரமாக இருக்கும்போது எந்த ஊருக்கு என்று கேட்பவர்கள் விழிப்பார்கள். உனக்குத் தெரியும். இங்கே பெயர் கூப்பிட்டால் பதில் வராது. அங்கே ஒரு வகுப்பில் உள்ளேன் என்று சொல்லிக்கொண்டிருப்பான்.